மணி அடிக்காத ஊரில் ஜெபம்

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். இதுவும் அவசரமாகப் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

ஜெபிக்க நேரமில்லை என்று சொல்கிற கிறிஸ்தவர்களைச் சோம்பேறிகள் என்று நான் நினைப்பதில்லை. பிரசங்க மேடையிலிருந்து அப்படித்தான் திட்டு விழுகிறது. சீரியல் பார்க்க நேரம் இருக்கிறது, செல்போனைத் தேய்க்க நேரம் இருக்கிறது, கர்த்தருக்கு மட்டும் இல்லையா என்று கேட்கிறார்கள். கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய் அலாரத்தை நாலரைக்கு வைக்கிறார். திங்கள் எழுந்துவிடுவார். செவ்வாய் எழுந்து, மண்டியிட்டபடியே தூங்கிவிடுவார். புதன்கிழமைக்குள் அலாரம் பழையபடி ஐந்தே முக்காலுக்குப் போய்விடும். முன்பு நேரம் மட்டும்தான் இல்லை, இப்போது குற்றவுணர்வும் கூடச் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு ஜெபம் என்றாலே நெஞ்சில் ஒரு கனம் ஏறிவிடுகிறது.

என் கட்சி வேறு. வேலை செய்கிற மனிதனுக்கு ஜெபிக்கத் தோதாக நேரம் தானாக அமைந்த காலம் ஒன்று இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. வேளை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. அதைக் குறித்ததும் ஒரு தனி ஆள் இல்லை, ஊரும் சபையும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 3-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளையில் தேவாலயத்துக்குப் போகிறார்கள். நம் கணக்கில் அது பிற்பகல் 3 மணி. எருசலேம் ஆலயத்தில் மாலைப் பலி செலுத்துகிற நேரம், ஊர் முழுவதற்கும் தெரிந்த ஜெப வேளை. 10-ம் அதிகாரத்தில் அதே பேதுரு யோப்பா பட்டணத்தில் நண்பகலில் மாடிக்குப் போகிறார் ஜெபிக்க. அவருக்குப் பசியெடுத்தது, கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது என்றும் எழுதியிருக்கிறது. வயிற்றுப் பசியோடு, சமையல் வாசனைக்கு நடுவில் ஜெபித்தவர்தான் அவரும். தானியேலை எடுத்துக்கொண்டால், 120 தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்கும் மூன்று பிரதானிகளில் ஒருவர். இன்றைய கணக்கில் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு வந்திருக்கும் என்று பாருங்கள். அவர் எருசலேம் பக்கம் பார்த்த ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தினமும் மூன்று வேளை முழங்காலில் நின்றார். எந்த வேளையில் எந்த ஜன்னலுக்கு வருவார் என்பது எதிரிகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவரை மாட்டிவிடவும் முடிந்தது.

ஆதிச் சபைக்காரர்களிடம் ‘திதாகே’ என்றொரு சின்னக் கையேடு இருந்தது. இயேசு கற்பித்த ஜெபத்தைத் தினமும் மூன்று முறை சொல்லுங்கள் என்று அது சொல்கிறது. பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்கூட வேண்டாம். அந்தச் சபையில் அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களால் முடிந்த அளவு அது.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும். காலையிலும் மாலையிலும் கோயில் மணி அடிக்கும். போகிறவர்கள் போவார்கள். போகாதவர்களும் வேட்டியை இறக்கிவிட்டு ஒரு விநாடி நிற்பார்கள், பனையேறப் போகிறவர் உட்பட. கத்தோலிக்க ஊரென்றால் காலை 6, பகல் 12, மாலை 6 என்று மூவேளை ஜெபத்துக்கு மணி உண்டு. பகல் மணியை ஊருக்கு ஊர் அடிக்கச் சொல்லி 1456-ல் போப்பாண்டவர் மூன்றாம் கலிஸ்டஸ் உத்தரவிட்டார். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் மில்லே என்கிற ஓவியர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் கவைக்கோலை மண்ணில் ஊன்றிவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள், பின்னால் தூரத்தில் ஒரு கோயில் கோபுரம். கூடையில் கிழங்கு பாதிதான் நிறைந்திருக்கிறது. வேலை முடிந்து நிற்கவில்லை, மணி அடித்ததால் நிற்கிறார்கள்.

ஜெபத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை அங்கே மணி பார்த்துக்கொண்டது. நம் மன உறுதி, பக்தி வேகம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பிழைப்புக்காகத் தாம்பரத்துக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் வந்தபோது பைபிளைக் கொண்டுவந்தோம், பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தோம், மணி மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. அதுவரை ஊர் மொத்தமும் சேர்ந்து சுமந்ததை இப்போது ஒற்றை ஆள் தன் மன உறுதியால் சுமக்கப் பார்க்கிறார். தோற்றால் அதிசயமில்லை.

இன்று நாம் ‘க்வயட் டைம்’ என்று சொல்கிற தனி ஜெபம், அதாவது அதிகாலையில் தனியாக உட்கார்ந்து பைபிளும் நோட்டுமாக அரை மணியோ ஒரு மணியோ செலவிடுவது, புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில்தான் பரவலாக வேரூன்றியது. ஆளுக்கொரு பைபிள், ஒரு கடிகாரம், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால்தான் அது நடக்கும். நல்ல பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றுதான் ஜெபம், அது முடியாவிட்டால் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டது நம் பிழை. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது?

என் தங்கை மகள் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஒரு தடவை என்னிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“காலையில எந்திரிச்சு ஜெபிக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க மாமா. எனக்கு எது மாமா காலை?”

நியாயமான கேள்வி. ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். நைட் டூட்டி முடிந்து அவள் வீடு வரும்போது எதிர்வீட்டுக்காரர் குளித்து முடித்து ஆபீஸ் கிளம்புகிறார். அவளிடம் போய் அதிகாலையின் மகிமையைப் பேசினால் எரிச்சல்தான் வரும்.

“வேதத்துல நாள் சாயங்காலத்துலதான்மா தொடங்குது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பாரு. 55-ம் சங்கீதத்துல தாவீதும் அந்திதான் முதல்ல, பிறகுதான் காலை, மத்தியானம்னு எண்ணுறார். கடிகாரத்தை விடு. உன் டூட்டியில தினமும் மாறாம வர்றது எது, அதைச் சொல்லு.”

கொஞ்சம் யோசித்தாள். “ஹேண்டோவர், அதான் அடுத்த டூட்டிக்காரங்ககிட்ட ஒப்படைக்கிறது. அப்புறம் கை கழுவறது. அது ஓயவே ஓயாது மாமா.”

சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற நேரம் 40 முதல் 60 விநாடி. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று முறை வைத்துத் தேய்க்க வேண்டும். பரமண்டல ஜெபம் அதற்குள் அடங்கிவிடுகிறது. டூட்டியில் முதல் தடவை கை கழுவும்போது ஒரு முறை, ஹேண்டோவர் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கழுவும்போது ஒரு முறை என்று அவளே முடிவு செய்தாள். நடுவில் எந்தப் படுக்கைக்குப் போகிறாளோ அந்த நோயாளியின் பெயரை மனதுக்குள் சொன்னால் போதும். இதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை. கடவுளிடம் நோயாளியின் வியாதியை விளக்க வேண்டிய அவசியம் நர்ஸுக்கு இல்லை, அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

இதெல்லாம் ஜெபத்தை மலிவாக்குவது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். எகிப்துப் பாலைவனத்துத் துறவிகளைப் பற்றிச் சபைப் பிதா அகுஸ்தீன் என்ன எழுதினார் என்று அவர்களுக்குச் சொல்லலாம். புரோபா என்று ஒரு பணக்கார ரோம விதவை. 410-ல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு ஆப்பிரிக்காவுக்கு ஓடிவந்தவர். எப்படி ஜெபிக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு அகுஸ்தீன் நீண்ட பதில் எழுதினார். எகிப்தில் உள்ள சகோதரர்கள் அடிக்கடி ஜெபிக்கிறார்கள், ஆனால் மிகச் சுருக்கமாக, எறிந்ததுபோல் ஜெபிக்கிறார்கள், நீட்டினால் கவனம் மழுங்கிவிடும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். உலகத்தை விட்டு ஓடி, நாள் முழுக்க நேரம் கையில் வைத்திருந்தவர்களே சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். துறவி பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கும் ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும் என்றே சொல்கிறது.

இனி லூத்தர். ‘இன்று வேலை அதிகம், ஆகவே மூன்று மணி நேரம் ஜெபிக்கப் போகிறேன்’ என்று லூத்தர் சொன்னதாக ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் ஒருவராவது சொல்வார். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆதாரமாக இருப்பது வைட் டீட்ரிச் என்பவர் 1530-ல் எழுதிய கடிதம். லூத்தர் அப்போது கோபுர்க் கோட்டையில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். ஆக்ஸ்பர்க்கில் பேரரசர் முன்னால் சபையின் தலைவிதி பேசப்பட்டுக்கொண்டிருந்தது, இவரால் அங்கே போக முடியாது. வீடு, குழந்தைகள், வகுப்பு எல்லாம் விட்டன்பர்க்கில். அந்த நிலைமையில் அவர் தினமும் மூன்று மணி நேரமாவது ஜெபிக்கிறார் என்று கூட இருந்தவர் எழுதினார். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு ஓடுகிறவர் முன்னால் இதைத் தூக்கிக் காட்டுவது நியாயமில்லை.

வேலை செய்கிற ஆளுக்கு லூத்தர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமானால் 1535-க்கு வர வேண்டும். விட்டன்பர்க்கில் அவருக்கு முடி வெட்டி, சவரம் செய்தவர் பீட்டர் பெஸ்கெண்டார்ஃப். எப்படி ஜெபிப்பது என்று எளிமையாகச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதற்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதிக் கொடுத்தார் லூத்தர். பெரிய இறையியலாளர் தன் நாவிதருக்காக உட்கார்ந்து எழுதியது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள புத்தகம் குறைவு.

எடுத்த எடுப்பில் தன் பலவீனத்தைச் சொல்கிறார். வேறு வேலைகளாலும் யோசனைகளாலும் ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோகும்போது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ சபை கூடியிருக்கிற கோயிலுக்கோ போய், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கொஞ்சம் வேத வசனம் என்று குழந்தைகள் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்வேன் என்கிறார். மனம் சூடான பிறகுதான் சொந்த வார்த்தை. நாம் தலைகீழாகச் செய்கிறோம். களைத்துப்போன நேரத்தில், ஒன்றுமில்லாத மனதிலிருந்து புதிதாக வார்த்தை இறைக்கப் பார்க்கிறோம். “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று நாலு தடவை சொன்னதும் ஊற்று வற்றிவிடுகிறது. மனப்பாட ஜெபத்தைக் கேவலமாகப் பேசுகிற சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். பாட்டிமார்கள் சங்கீதத்தை மனப்பாடமாக வைத்திருந்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கும்.

காலையில் முதல் காரியமாகவும் இரவில் கடைசிக் காரியமாகவும் ஜெபம் இருக்கட்டும் என்று பீட்டருக்குச் சொல்கிறார். ‘கொஞ்சம் பொறு, இந்த வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன்’ என்ற எண்ணம் வந்தால் நம்பாதே, அது வந்த அன்று ஜெபம் நடக்காது என்கிறார். ஐந்நூறு வருஷம் ஆகப் போகிறது, அந்த எண்ணத்தின் வாசகம்கூட மாறவில்லை. கவனத்தைப் பற்றிப் பேசும்போது நாவிதரின் தொழிலையே எடுத்துக்கொள்கிறார்: கத்தியிலும் முடியிலும் கண் இல்லாமல் பேச்சிலேயே இருக்கிற நாவிதர் ஆளின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார். அதே புத்தகத்தில் ஒரு பாதிரியாரைக் கேலி செய்கிறார். அந்த மனிதர் ஜெபத்தில் ஒரு வரி சொல்வார், உடனே வேலைக்காரனிடம் குதிரையை அவிழ்த்தாயா என்பார், இன்னொரு வரி, போய் மாட்டைக் கற என்பார். பைபிள் செயலியைத் திறந்து வாசிக்கும்போது மேலே வாட்ஸ்அப் செய்தி இறங்குகிறதே, அந்தக் காட்சிதான். ஆகவே ஜெப நேரத்துக்கு அச்சடித்த பைபிளே நல்லது, போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும்.

இன்னொன்றும் சொல்கிறார். நான் எழுதியதையெல்லாம் ஒப்பிக்காதே, பரமண்டல ஜெபத்தில் ஒரே விண்ணப்பத்தில் மனம் ஊன்றிவிட்டால் மீதியை விட்டுவிடு. அளவு முக்கியமில்லை என்பதை அவரே வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டார்.

பீட்டரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதே 1535-ல், ஈஸ்டர் சமயத்தில், குடிபோதையில் அவர் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனையிலிருந்து தப்பி, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். ஜெபப் புத்தகம் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புத்தகமும் நிற்கிறது, பீட்டரின் பெயரும் அதில் நிற்கிறது.

அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1529-ல், சாதாரணக் குடும்பங்களுக்காக லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபம், இரவு ஜெபம் இரண்டுக்கும் ஒழுங்கு இருக்கிறது. விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஒரு சிறு ஜெபம். எல்லாம் சேர்த்து நாலைந்து நிமிடம். அது முடிந்ததும் காலையில் ஒரு பாட்டோடு மகிழ்ச்சியாக வேலைக்குப் போ, இரவில் நிம்மதியாக உடனே தூங்கு என்கிறார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் இந்த ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மூன்று நூற்றாண்டாக நம் கையில் இருக்கிற ஒழுங்குதான் இது.

சிலர் வேறு பக்கம் போய்விடுவார்கள். “நான் வேலை செய்யும்போதே ஜெபிச்சுக்கிட்டே இருப்பேன் பிரதர், தனியா நேரம் எதுக்கு?” என்பார்கள், சகோதரர் லாரன்ஸைத் துணைக்கு அழைப்பார்கள். பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவில் கடவுளோடு பேசிக்கொண்டிருந்த அந்தச் சகோதரர் 1691-ல் இறந்தார். வேலை நேரத்துக்கும் ஜெப நேரத்துக்கும் தனக்கு வித்தியாசம் இல்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் இருந்தது மணி அடிக்கிற மடம். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மௌன ஜெபம் அந்தச் சபையின் ஒழுங்கு. அந்த அஸ்திவாரத்தின்மேல் நின்றுதான் அவர் சட்டியைக் கழுவினார். நாம் மேல்மாடியை மட்டும் வாடகைக்குக் கேட்கிறோம்.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வீட்டுத் தலைவர் ஐந்தரைக்கு மண்டியிட்டு அரை மணி நேரம் ஜெபிக்கிறார், சாட்சியும் சொல்கிறார். அந்த அரை மணி நேரத்தில் மெட்ரோ தண்ணீர் பிடித்தது யார்? டிபன் பாக்ஸ் கட்டியது யார்? பத்தொன்பது பிள்ளை பெற்ற சூசன்னா வெஸ்லி, ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்று வழிவழியாக ஒரு கதை சொல்லி அன்னையர் தினத்தில் புகழ்கிறோம். எனக்கு அந்தக் கதையைக் கேட்டால் புகழத் தோன்றுவதில்லை, ஏப்ரனுக்குள் ஒளிந்துகொள்ளும் நிலைமைக்கு அந்த வீட்டில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. மனைவிக்குப் பத்து நிமிடம் கிடைக்க, கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகலாம். அதுவும் குடும்ப ஜெபத்தில் சேர்த்திதான்.

குடும்ப ஜெபம் என்றதும் இன்னொன்று. இரவு ஒன்பது மணிக்கு அப்பா தொடங்கினால் மிஷனரிகள், மந்திரிகள், ஊரில் உள்ள சித்தப்பா நிலத் தகராறு வரை போய்த்தான் ஆமென் வரும். அதற்குள் சின்னவன் அம்மா மடியில் தூங்கியிருப்பான், பெரியவள் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி, பரமண்டல ஜெபம். பத்து நிமிடத்தில் முடியுங்கள். நாளைக்கும் பிள்ளைகள் வந்து உட்கார வேண்டும்.

தவறிய நாளுக்குப் பாக்கி வைக்காதீர்கள். மூன்று நாள் விட்டுப்போனால் நாலாம் நாள் நாலு நாளுக்கும் சேர்த்து ஜெபிக்கிறேன் என்று உட்காருகிறவர் ஐந்தாம் நாள் உட்காரமாட்டார். இன்றைக்கு உள்ளதை இன்றைக்குச் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

“ஜெபத்துல நினைச்சுக்கோங்க” என்று யாராவது கேட்டால், “கண்டிப்பா” என்று சொல்லிவிட்டு மறந்துபோவது நம் எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. குரூப்பில் கைகூப்பிய பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேய்க்கிறோம். அந்தப் பொம்மையைப் போடுவதற்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபித்துவிட்டுப் போடுங்கள். பத்து விநாடி. பிறகு பொய் சொன்னதாக ஆகாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். இரவிலிருந்து தொடங்குங்கள், காலையை அப்புறம் பார்க்கலாம். பெனடிக்ட் மடங்களில் படுக்கப் போகும்முன் தினமும் சொன்னது 4, 91, 134 என்று மூன்று சங்கீதம். மூன்றும் வேண்டாம், 4-ம் சங்கீதம் போதும், எட்டே வசனம். நைட் டூட்டிக்காரர்களுக்கு 134. இராக்காலத்தில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரருக்காகவே எழுதப்பட்டது, மூன்றே வசனம். பைபிளை இன்றைக்கே தலையணைப் பக்கம் எடுத்து வையுங்கள், அந்தப் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி.